ஆறரை மணி வண்டிச் சத்தம்

“ஒழுவுது டேனியலு. ஒழுவலன்னு நான் சொல்லல. ஆனா ஒண்ணு பாரு, ஆயில் அளவு மட்டும் கொறையவே மாட்டேங்குது. அந்த மட்டுக்கும் எஞ்சின் கெட்டி” என்றார் பலராமன்.

வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்தவனின் கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. அதுவரை ஆடிக்கொண்டிருந்த வலது கால் சட்டென்று நின்றது.

“இன்னா சொன்னீங்க?”

“அளவு கொறையலன்றேன்.”

“ஒழுவுது, ஆனா கொறையல.”

“அதத்தான் நானும் சொல்றேன்.”

“எத்தினி நாளா?”

“ரெண்டு மாசம் இருக்கும். ஒரு சொட்டு ஊத்துல. போன வாரம் பாத்தா ரெண்டு நூல் ஏறிகூட இருந்துச்சி.”

டேனியல் வெளியே வந்தான். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போட்டுப் போன வெள்ளைச் சட்டையின் முதுகெல்லாம் கறுப்பு. அதை அவன் பொருட்படுத்தவில்லை. ஆயில் பார்க்கும் கம்பியை உருவினான், துடைத்தான், சொருகி மறுபடி உருவினான். முகர்ந்து பார்த்தான். பிறகு வாசல்படியில் நின்றிருந்த பலராமனின் மனைவி ஆதிலட்சுமியிடம் நீட்டினான்.

“நீங்க மோந்து பாருங்கமா.”

“டீசல் வாட அடிக்குதுப்பா.”

“டீசல் வண்டியில டீசல் வாட அடிக்காம சாம்பிராணி வாடையா அடிக்கும்?” என்றார் பலராமன்.

“அடிக்கக் கூடாதுப்பா. இந்தக் கம்பியில டீசல் வாடயே வரக் கூடாது. உள்ள ஆயில்தான் இருக்கணும். எரியாத டீசல் கீழ எறங்கி ஆயிலோட கலந்துகினு இருக்குது. ஒரு பக்கம் ஆயில் ஒழுவுது, இன்னொரு பக்கம் டீசல் நிரப்பிகினு வருது. அதான் உங்களுக்குக் கொறையாத மாரி தெரியுது.”

“அடேங்கப்பா” என்றார் பலராமன்.

ஆதிலட்சுமிக்கு எஞ்சினைப் பற்றி ஒன்றும் தெரியாது. டேனியலின் முகத்தைப் படிக்கத் தெரியும். மகன் புகழ்வேந்தனோடு சேர்ந்து பாகூர் ரோட்டில் மெக்கானிக் ஷெட் போட்ட நாளிலிருந்து அந்த முகத்தைப் பார்க்கிறாள். புகழ் பைக்கோடு ஏரிக்கரைத் திருப்பத்தில் விழுந்த அன்றைக்கு, “ஒண்ணும் இல்லமா, பேச்சு மூச்சு இருக்குது” என்று சொல்ல வந்தபோதும் முகம் இப்படித்தான் இருந்தது.

அது நடந்து பத்து மாதம் ஆகிறது. ஆஸ்பத்திரியில் இரண்டு மாதம் வைத்திருந்து, இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பினார்கள். உயிர் இருந்தது. கண் திறந்திருந்தது. மூக்கில் குழாய், தொண்டையில் குழாய். முப்பத்தொரு வயதுப் பிள்ளை, மாடியிலிருந்து கூப்பிட்டால் தெருக்கோடி வரை கேட்கும் குரல் உள்ளவன், கூரையையே பார்த்துக்கொண்டு கிடந்தான்.

“அவருகிட்ட பேசிகினே இருங்கமா. பழகின சத்தமெல்லாம் காதுல விழட்டும். எது எப்ப உள்ள போவும்னு யாருக்கும் தெரியாது” என்று ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பும்போது நர்ஸ் ஸ்டெல்லா சிஸ்டர்தான் சொன்னாள்.

பேசினார்கள். அக்கா மஞ்சுளா நெட்டப்பாக்கத்திலிருந்து வந்து காதோரம் அழுதாள். ஒன்றுக்கும் அவன் திரும்பவில்லை. மூன்றாம் நாள் காலை ஆறரை மணிக்கு, பேட்டரி இறங்கிவிடக் கூடாதே என்று பலராமன் வாசலில் நின்ற வெள்ளை லோடு வண்டியை ஸ்டார்ட் செய்தார். புகழ் பழசாக வாங்கி, தன் கையாலேயே எஞ்சினைப் பிரித்துக் கோத்து, டர்போவும் பம்பும் தன் கணக்குக்கு வைத்த வண்டி. சன்னல் கம்பி அதிர்ந்தது. அவனுடைய இரண்டு கருவிழியும் மெல்ல, மிக மெல்ல, சன்னல் பக்கம் போய் நின்றன.

ஆதிலட்சுமி கையிலிருந்த கஞ்சி டம்ளரைக் கீழே போட்டுவிட்டாள்.

அன்றிலிருந்து எட்டு மாதமாக நாள் தவறாமல் ஆறரை மணிக்கு வண்டி உறுமுகிறது. வண்டியின் மூக்கு வீட்டைப் பார்த்தபடி சன்னலுக்கு எதிரில் நிறுத்தி, பானெட்டைத் திறந்து வைத்து, பலராமன் சீட்டில் உட்கார்ந்திருப்பார். உள்ளே ஆதிலட்சுமி கட்டிலருகே முட்டிபோட்டு மகனின் கண்ணை விட்டுக் கண்ணை எடுக்காமல் இருப்பாள். “பாத்தான்!” என்று அவள் கத்தினால்தான் அவர் சாவியைத் திருப்புவார். முதலில் ஐந்து நிமிடம் போதுமாக இருந்தது. பிறகு பத்து. இப்போதெல்லாம் அரை மணி நேரமும் தாண்டுகிறது.

“போன்ல புடிச்சி காதுல வையுங்கமா, எதுக்கு தெனம் இந்தப் பொக?” என்று மஞ்சுளா சொன்னாள். வைத்துப் பார்த்தார்கள். திரும்பவில்லை. டேனியல் வேறு வண்டி கொண்டுவந்து வாசலில் உறுமவிட்டுப் பார்த்தான். அதற்கும் இல்லை. இந்தச் சத்தம்தான் வேண்டியிருந்தது. கொஞ்சம் தூக்கலாக, தட்டித் தட்டி, நடுநடுவே ஒரு இழுப்பு இழுத்து ஓடும் இந்தச் சத்தம்.

இப்போது அந்த வண்டிதான் நீலப் புகை விடுகிறது. அடியில் நாலு இடத்தில் எண்ணெய். வீட்டு வாசல் முழுக்கக் கறுப்புத் திட்டு.

டேனியல் டர்போவிலிருந்து எஞ்சினுக்குப் போகும் ரப்பர் பைப்பைக் கழற்றிச் சாய்த்தான். ஒரு டம்ளர் எண்ணெய் கொழகொழவென்று அவன் உள்ளங்கையில் விழுந்து வழிந்தது.

“பாத்தீங்களா? இது காத்து போற வழி. இதுல ஈரமே இருக்கக் கூடாது.” குனிந்து முன் சக்கரத்துப் பக்கம் தொங்கிய ஒரு ஹோஸை இழுத்துப் பார்த்தான். “இத யாரு கட்டனது?”

ஹோஸின் வாயில் துணி அடைத்து, மேலே சைக்கிள் டியூபைக் கிழித்து வரிவரியாக இறுக்கிச் சுற்றியிருந்தது.

“நான்தான்” என்றார் பலராமன். “அதுல இருந்துதான் மொதல்ல சொட்டுச்சி. நம்ம கரும்புக்கொல்ல பைப்பு ஒழுவுனா இன்னா பண்ணுவோம்? டியூப சுத்துவோம். ஒரு சொட்டு வருதா பாரு இப்ப அதுல?”

“அதுல வரல. அதுக்குப் பதிலா நாலு எடத்துல வருது.”

“அது வேற இல்ல?”

“அதேதான்பா! இது தண்ணி பைப்பு இல்ல. எஞ்சின் மூச்சு வுடற குழா. உள்ள எழும்பற காத்தும் பொகையும் இது வழியாத்தான் வெளிய போவணும். உங்க மூக்கயும் வாயயும் அடச்சிட்டு ஓடச் சொன்னா இன்னா ஆவும்? காது வழியா வரும். அது மாரி காத்துக்குப் போக வழியில்லாம எண்ணெய எங்க சந்து கெடைக்குதோ அங்கெல்லாம் தள்ளிகினு இருக்குது.”

பலராமன் தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். இருபது வருடமாகக் குருவிநத்தத்தில் எந்த மோட்டார் கொட்டகையில் பைப் ஒழுகினாலும் ஆள் அனுப்பிக் கூப்பிடுகிற கைகள் அவை.

“இதுவும் ஒரு காரணம்தான்” என்றான் டேனியல், குரலைத் தாழ்த்தி. “பெரிய காரணம் வேற. வண்டிய ஓட்டறதே இல்ல நீங்க.”

“தெனம் அர மணி ஓட்டறேன்டா!”

“ஓட்டல. நிக்க வச்சி உறும வுடறீங்க. இது மாடு இல்லப்பா, கட்டிப்போட்டு தீனி வச்சா கொழுக்கறதுக்கு. டர்போன்றது காத்த உள்ள தள்ற சக்கரம். அது வேகமா சுத்தினாத்தான் எண்ணெ அதும் எடத்துல நிக்கும். சும்மா நின்ன எடத்துல மணிக்கணக்கா வச்சிருந்தா, சீல் வழியா காத்துப் பக்கம் எறங்கிடும். அது பத்தாதுன்னு நம்மாளு வேற…” அவன் சன்னல் பக்கம் ஒருமுறை பார்த்தான். “நம்மாளு வேற பம்புல டீசல ஏத்தி வச்சிருக்கான். லோடோட மலை ஏறதுக்கு வச்ச செட்டிங்கு. ரோட்ல இழுத்தா எல்லாம் எரிஞ்சிடும். நிக்க வச்சா எரியாது, கீழதான் எறங்கும்.”

“இப்ப இன்னா பண்ணணும்ன்ற?”

“இந்தக் கட்ட அவிழ்க்கணும். ஆயில் மாத்தணும். பம்பு ஸ்க்ரூவ அர சுத்து கொறைக்கணும்.”

பம்பின் பின்னால் இருந்த அந்தத் திருகின் தலையில் மஞ்சள் பெயிண்ட் அழுத்திப் பூசியிருந்தது. வேறு யாரும் கை வைக்கக் கூடாது என்று செட்டிங் முடிந்ததும் புகழ் பூசுகிற பெயிண்ட்.

“அத தொடாத” என்றார் பலராமன்.

“அப்பா…”

“தொடாதன்னா தொடாத. அவன் கை வச்ச எடம்.”

டேனியல் ஆதிலட்சுமியைப் பார்த்தான். அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

“கொறச்சா சத்தம் மாறுமா?”

அவன் பொய் சொல்லியிருக்கலாம். கொஞ்ச நேரம் ஸ்பேனரைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான்.

“மாறும்மா. சாதுவா ஓடும்.”

“அப்ப வேணாம்பா.”

“எஞ்சின் போயிடும்மா.”

“சாதுவா ஓடற வண்டிய வச்சிகினு நான் இன்னா பண்ணப் போறேன்?”

டேனியல் கட்டை அவிழ்த்தான், ஆயிலை மாற்றினான், பைப்பைக் கழுவி மாட்டினான். ஸ்க்ரூவைத் தொடவில்லை. மதியம் புகழுக்கு வழக்கம்போல முகச்சவரம் செய்துவிட்டான். “இன்னா மச்சான், உங்கப்பா வண்டிக்கு மூக்கு கட்டி வச்சிருந்தாரு, தெரியுமா?” என்று கன்னத்தில் சோப்பைத் தடவிக்கொண்டே பேசினான். புகழ் கூரையைப் பார்த்தான்.

கிளம்பும்போது ஒரு சதுரப் பலகையை எடுத்துப் பலராமன் கையில் கொடுத்தான்.

“ரெண்டு நிமிசத்துக்கு மேல நிக்க வச்சி ஓட்டாதீங்க. ரெண்டு நிமிசம் ஆச்சா, எடுத்துகினு பாகூர் வரைக்கும் போயி வாங்க, நாலு உரமூட்ட ஏத்திகினு. இன்னொண்ணு, நல்லா கேட்டுக்கோங்க. உள்ள எறங்கற எண்ணெயவே குடிச்சிகினு வண்டி தானா வேகம் எடுத்துச்சின்னா, சாவிய திருப்பினாலும் நிக்காது. சாவிய புடுங்கி கெணத்துல போட்டாலும் நிக்காது. டீசல் அதுக்கு வேணாம் அப்ப. இதோ, இந்தப் பைப்பு வாய்ல காத்து போவுது. இந்தப் பலகைய வச்சி அழுத்திடுங்க. துணி வேணாம், இழுத்துக்கும். கைய வச்சிடாதீங்க, கையே போயிடும்.”

“கியர்ல போட்டு பிரேக்க மிதிச்சா?”

“வூட்டப் பாத்து நிக்குது வண்டி. பாஞ்சிச்சின்னா செவுத்த ஒடச்சிகினு அவன் மேலதான் போவும். பலகதான். மறக்காதீங்க.”

மறுநாள் இரண்டே நிமிடம் ஓடியது. ஆதிலட்சுமி மகனின் கண்ணைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சத்தம் விலகித் தெருவில் போய்விட்டது. கண் அசையவில்லை. அடுத்த நாளும் அப்படித்தான். பலராமன் உரமூட்டையோடு பாகூர் போய்த் திரும்பி வருவார். வாசலில் இறங்கியதும் கேட்பார்.

“பாத்தானா?”

“இல்ல.”

“வரும்போது? திரும்பி வந்தனே, அப்ப?”

“இல்லீங்க.”

“நீ சரியா பாக்கல.”

“நான் வேற எத பாத்துகினு உக்காந்திருக்கேன்?”

ஆறு நாள் போயின. ஆதிலட்சுமிக்குச் சோறு இறங்கவில்லை. எட்டு மாதமாக ஒரு நாளைக்கு ஒரு முறை அவன் இருக்கிறான் என்று தெரிந்துகொண்டிருந்தாள். அந்த ஒரு நொடியை வைத்துக்கொண்டுதான் மற்ற இருபத்துநாலு மணி நேரமும் அவனைப் புரட்டினாள், துடைத்தாள், சளி உறிஞ்சினாள், குழாயில் கஞ்சி ஊற்றினாள். ஆறு நாளாக அவள் யாருக்கு ஊற்றுகிறாள் என்று அவளுக்கே தெரியவில்லை. மறந்துவிட்டானோ? இருந்த கொஞ்சமும் போய்விட்டதோ?

ஏழாம் நாள் பலராமன் கியர் மாற்றப் போகும்போது சன்னலுக்கு வந்தாள்.

“எடுக்காதீங்க. இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும்.”

“டேனியலு இன்னா சொன்னான்?”

“டேனியலு எஞ்சினப் பாக்கறான். நான் இவனப் பாக்கறேன்.”

அவர் கியரிலிருந்து கையை எடுத்தார். அவருக்கும் அது வேண்டியிருந்தது. இருபத்தைந்து நிமிடம் கழித்துக் கருவிழிகள் நகர்ந்து சன்னல் பக்கம் வந்து நின்றன. ஆதிலட்சுமி கத்தவில்லை. கட்டில் சட்டத்தில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதாள்.

பிறகு இரண்டு நிமிடக் கணக்கெல்லாம் ஓடிப்போனது. பழையபடி அரை மணி. பாகூர் போய்வருவதும் நின்றுவிட்டது.

ஒரு கஷ்டம் மட்டும் இருந்தது. கட்டு அவிழ்த்த ஹோஸிலிருந்து இப்போது புகை எழும்பியது. எண்ணெய்க் காட்டமான வெள்ளைப் புகை நேராகச் சன்னலுக்குள் வந்தது. புகழுக்கு இருமல் பிடித்துக்கொண்டது. தொண்டைக் குழாய் உள்ளவனுக்கு இருமல் என்றால் உயிர் போய் உயிர் வருகிற பாடு. முகம் நீலம் பாய்ந்துவிடும். சளி எடுக்கும் மிஷினைப் போட்டு, நீர் விட்டு உறிஞ்சி, அவன் மூச்சு சீராவதற்குள் அவள் பாதி செத்துவிடுவாள். சன்னலைச் சாத்தினால் சத்தம் குறைகிறது. சாத்தாவிட்டால் புகை வருகிறது.

பலராமன் பல் துலக்கக் கிணற்றடிக்குப் போயிருந்த ஒரு காலையில், அவர் தூக்கிப்போட்டிருந்த அந்தச் சைக்கிள் டியூபையே அவள் எடுத்தாள். குனிந்து, ஹோஸ் வாயில் துணியைத் திணித்து, இறுக்கிச் சுற்றினாள். அரை மணி நேரம்தானே. முடிந்ததும் அவிழ்த்துவிட்டால் ஆயிற்று. எஞ்சின் மூச்சு முட்டும் என்று டேனியல் சொன்னது நினைவில் இருந்தது. இரும்பு கொஞ்ச நேரம் மூச்சைப் பிடித்துக்கொள்ளும், என் பிள்ளையால் முடியாது என்று நினைத்துக்கொண்டாள்.

புருஷனிடம் சொல்லவில்லை. தினம் அவருக்கு முன்னால் எழுந்து கட்டினாள். அவர் கொல்லைக்குப் போனதும் அவிழ்த்தாள். பதினோரு நாள்.

பன்னிரண்டாம் நாள் ஒரு வியாழக்கிழமை. ஆறரைக்கு ஸ்டார்ட் செய்தார். இருபது நிமிடம் போயிருக்கும். புகழ் இன்னும் திரும்பவில்லை. தட்டித் தட்டி ஓடிக்கொண்டிருந்த சத்தம் திடீரென்று ஒரு படி ஏறியது. ஆதிலட்சுமி, அவர்தான் ஆக்சிலேட்டரை மிதிக்கிறார் என்று நினைத்தாள். இன்னொரு படி ஏறியது. அப்புறம் படியே இல்லை. ஒரே ஏற்றம். சன்னல் கண்ணாடி கிடுகிடுத்தது. அலமாரியில் இருந்த மருந்துப் பாட்டில்கள் ஒன்றோடொன்று மோதின.

“ஏய்! நான் ஒண்ணும் பண்ணல! தானா போவுது! தானா போவுது!” என்று வெளியே பலராமன் கத்துவது கேட்டது. சாவியை உருவிக் கையில் பிடித்துக்கொண்டு வண்டியை விட்டுக் குதித்தார். வண்டி இன்னும் கூடுதலாக அலறியது. பின்னால் சைலன்ஸரிலிருந்து வெள்ளைப் புகை மலைமலையாக வந்து தெருவை மூடியது. எதிர்வீட்டு மணியம்மாள், “தீ புடிச்சிகிச்சி, தீ புடிச்சிகிச்சி!” என்று கூவினாள், ஆள் தெரியவில்லை.

ஆதிலட்சுமி மகன் பக்கம் திரும்பினாள்.

அவன் பார்த்துக்கொண்டிருந்தான். அவளை அல்ல, சன்னலை. கண் அகன்று விரிந்து, புருவம் நெரிந்து, முழு முகமும் உயிரோடு பார்த்துக்கொண்டிருந்தது. அவன் வலது கை போர்வையிலிருந்து எழும்பியது. நடுங்கி நடுங்கி, மார்பளவு. பத்து மாதமாக அவள் தூக்கி வைத்தால்தான் எழும்பின கை. விரல் ஐந்தும் விரிந்து மூடின. மறுபடி விரிந்து மூடின.

“சாமி” என்றாள். வாசலுக்கு ஓடினாள்.

பலராமன் பலகையைக் கையில் எடுத்திருந்தார். பானெட்டுக்குள் குனிந்து பைப் வாயைத் தேடிக்கொண்டிருந்தார். அவள் பின்னாலிருந்து அவர் கையைப் பிடித்து இழுத்தாள்.

“நிறுத்தாதீங்க!”

“வுடுடி! வெடிச்சிடும்!”

“கைய தூக்கறான்! புகழு கைய தூக்கறான்! நிறுத்தாதீங்க!”

அவருக்குக் காதில் விழவில்லை. காதோடு வாயை வைத்துக் கத்தினாள். “கைய தூக்கறான்ங்க நம்ம புள்ள!”

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். சன்னலைப் பார்த்தார். புகையில் சன்னல் தெரியவில்லை. பலகை பிடித்த கை மெல்லத் தாழ்ந்தது. இருவரும் அப்படியே நின்றார்கள், அலறுகிற இரும்புக்கு முன்னால் புருஷனும் பெண்சாதியும், ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு. எத்தனை நேரம் என்று பின்னால் கேட்டவர்களுக்கு இருவருக்கும் சொல்லத் தெரியவில்லை.

பாறை பிளந்ததுபோல ஒரு சத்தம். எஞ்சினின் பக்கவாட்டை உடைத்துக்கொண்டு ஒரு இரும்புத் துண்டு வந்து படிக்கட்டில் மோதித் தெறித்தது. சூடான எண்ணெய் தொபதொபவென்று மண்ணில் கொட்டியது. அப்புறம் ஒன்றுமில்லை.

இருவரும் உள்ளே ஓடினார்கள். கை போர்வைமேல் விழுந்து கிடந்தது. கண் கூரையில் இருந்தது.

டேனியல் வருவதற்கு எட்டரை மணி ஆனது. வண்டியைச் சுற்றி ஒருமுறை நடந்தான். ஓட்டை வழியாக விரல் விட்டுப் பார்த்தான். பிறகு கீழே குனிந்தவன், ஹோஸில் சுற்றியிருந்த டியூபைப் பார்த்தான். பலராமனைப் பார்த்தான்.

“நான் கட்டல” என்றார் அவர். “சத்தியமா நான் கட்டலடா.”

“நான்தான்பா” என்றாள் ஆதிலட்சுமி. “பொக வந்து இருமிச்சி புள்ளைக்கு.”

பலராமன் அவளை முறைத்துப் பார்த்தார். அது அவளுக்குத் திட்டியதைவிட மோசமாக இருந்தது. திரும்பி மகனிடம் உள்ளே போனார்.

“இத தச்சி ஓட்ட முடியாதாப்பா?” என்றாள்.

“எத தைக்கறது? எஞ்சின் பிளாக்கே ஒடஞ்சிருச்சிமா. உள்ள இருந்த கனெக்டிங் ராடு வெளிய வந்துருச்சி. வேற எஞ்சின் தேடித்தான் போடணும்.”

“போட்டா அதே மாரி சத்தம் வருமா?”

அவன் தலையை ஆட்டினான். இல்லை என்பதாக.

“ஆனா ஒண்ணுடா டேனியலு” என்று அவள் அவசரமாகச் சொன்னாள். “அவன் கைய தூக்கினான். என் ரெண்டு கண்ணால பாத்தேன். டாக்டரு நடக்கவே நடக்காதுன்னாரு. அந்தச் சத்தத்துக்கு தூக்கினான்.”

“எப்டிமா? எந்தக் கை?”

“இதோ, இப்டி.” அவள் தன் வலது கையை மார்பளவு தூக்கினாள். விரல்களை விரித்தாள், இறுக்கி மூடினாள். விரித்தாள், மூடினாள். “ரெண்டு வாட்டி. சின்ன வயசுல பலூன் வேணும்னு கேக்கச்சொல்ல இப்டித்தான் கைய மூடி மூடித் தொறப்பான். வண்டி வேணும்னு கேக்கறான் பாரு.”

டேனியல் வண்டியின் மட்கார்டில் சாய்ந்துகொண்டான். எண்ணெய்க் கையை முகத்தில் வைத்துத் தேய்த்ததில் கன்னமெல்லாம் கறுப்பு.

“இன்னாடா?”

“ஒண்ணுமில்லமா.”

“டேய், உன் மூஞ்சி எனக்குத் தெரியும். சொல்லு.”

“வுடுங்கமா.”

“சொல்லுடா!”

“ஷெட்டுல எஞ்சின் ஓடச்சொல்ல ஒருத்தரு பேசறது ஒருத்தருக்குக் கேக்காதுமா.” அவன் தரையைப் பார்த்துப் பேசினான். “ஒருத்தன் சீட்ல இருப்பான், ஒருத்தன் பானெட்டுக்குள்ள இருப்பான். கையாலதான் பேசிக்குவோம். ரெண்டு பேருக்கும் ஒரு பாஷ. கட்ட வெரல மேல காட்டினா ஏத்து. கைய ஆட்டினா கொறை. இப்டி விரிச்சி மூடினா…”

“மூடினா?”

“ஆஃப் பண்ணு. ரெண்டு வாட்டி மூடினா, ஒடனே ஆஃப் பண்ணு, எஞ்சின் போவுதுன்னு அர்த்தம்.”

ஆதிலட்சுமி நின்ற இடத்திலேயே நின்றாள். எண்ணெய் அவள் கால்விரல்களுக்கிடையே ஊறிக்கொண்டிருந்தது.

“புரிஞ்சிதான் தூக்கினானா?”

“புரியாம இத தூக்க முடியாதும்மா. நம்மாளு உள்ள இருக்கான். முழுசா இருக்கான்.” அதை நல்ல சேதியாகச் சொல்லத்தான் அவன் பார்த்தான். முடித்ததும் அவளைப் பார்க்காமல் வண்டிக்கு அடியில் குனிந்தான்.

முழுசா இருக்கான். அப்படியானால் எட்டு மாதமாக ஒவ்வொரு காலையும் அவன் சன்னல் பக்கம் பார்த்தது? அரை மணி நேரம் பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, தாளாமல் கண்ணைத் திருப்பினானே, அது? ‘பாத்தான்’ என்று அவள் கத்தியதும் வண்டி நின்றுவிடுமே. நிறுத்துவதற்காகத்தான் பார்த்தானா? தன் கையால் கோத்த எஞ்சினைத் தாயும் தகப்பனும் நின்ற இடத்தில் வைத்துத் தினம் கொஞ்சம் கொஞ்சமாகக் கொல்வதைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தானா? இன்றைக்கு எங்கேயோ ஆழத்திலிருந்து பத்து மாதத் தெம்பையெல்லாம் கூட்டி ஒரு கையைத் தூக்கிச் சொன்னான். அவளிடம்தான் சொன்னான். அவள் ஓடிப்போய் அதற்கு நேர்மாறாகச் செய்தாள்.

“அவருகிட்ட சொல்லாதப்பா” என்றாள்.

“சொல்லலமா.”

உள்ளே பலராமன் கட்டிலருகே தரையில் உட்கார்ந்து, மகனின் வலது கையைத் தன் இரண்டு கைக்குள் வைத்துக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் நகர்ந்து இடம் விட்டார். கோபம் போயிருந்தது. முகத்தில் வேறொன்று வந்திருந்தது. அதைப் பார்க்கத்தான் அவளால் முடியவில்லை.

“எவ்ளோ ஒசரம் தூக்கினான்னு சொன்ன?”

“மார் வரைக்கும்.”

“நான் பாக்காம போயிட்டனே. பரவால்ல, நீ பாத்தல்ல? டேனியலு இன்னா சொல்றான்?”

“வேற எஞ்சின் தேடணுமாம்.”

“தேடிக்கலாம், தேடிக்கலாம். எஞ்சினா பெருசு? அதே மாரி சத்தம் வர வச்சிடலாம். கைய தூக்கினவன் நாளிக்கி வாயத் தொறக்க மாட்டானா?” மகனின் விரல்களை ஒவ்வொன்றாக நீவிவிட்டார். “சந்தோசத்துலதானடி தூக்கினான்?”

ஆதிலட்சுமி புகழின் முகத்தைக் குனிந்து பார்த்தாள். அவன் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறான் என்று இப்போது அவளுக்குத் தெரியும். இனி அந்த அறையில் எதைச் சொன்னாலும் மூன்று பேர் காதில் விழும்.

“ஆமா” என்றாள்.

கண் கூரையை விட்டு நகரவில்லை. அவள் சளி எடுக்கும் குழாயை எடுத்துக்கொண்டு, கழுவிவரப் பின்கட்டுக்குப் போனாள்.